எம்.எஸ்சி. நிலவியல் ஆய்வேட்டுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். எம்.எஸ்சி. பயன்பாட்டு நிலவியலில் மூன்றாம் பருவம் முடியப்போகிறது, நான்காம் பருவம் முழுவதும் ஆய்வேடு. சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். பென்னாகரம் வட்டத்தின் நிலத்தடி நீர்த் தரத்தை ஜிஐஎஸ் (கணினி வரைபட மென்பொருள்) துணையோடு ஆராயலாம் என்கிறார் உங்கள் நெறியாளர். மைக்ரோபிளாஸ்டிக் எடுத்தால்தான் கட்டுரை வெளியாகும் என்கிறார் ஒரு சீனியர். வகுப்புத் தோழர்கள் நீலகிரி நிலச்சரிவை இயந்திரக் கற்றல் வழியில் வரைபடமாக்கப் போகிறார்கள். இந்த மூன்றில் எது முனைவர் பட்டத்துக்கும் வேலைக்கும் உதவும் என்பது நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. ஆனால் கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: துறை நூலகத்தில் ஒரே மாதிரியான முப்பது ஆய்வேடுகள் இருக்கின்றன, என்னுடையது முப்பத்தொன்றாவதாகப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக நிலத்தடி நீரின் வேதியியலில் வேலை செய்கிறேன். மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நெறியாளராகவும், வேறு கல்லூரிகளில் வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகவும் இருந்திருக்கிறேன். ஆகவே நீரைப் பற்றி நான் சொல்வதை உறுதியான பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். நிலச்சரிவு, மைக்ரோபிளாஸ்டிக் இரண்டையும் தேர்வாளர் நாற்காலியில் இருந்து பார்த்த அளவுக்கே எனக்குப் பழக்கம். அவற்றைப் பற்றிச் சொல்வதை அந்தத் துறையில் களத்தில் இறங்கியவர் ஒருவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நூலகத்தில் இருக்கும் அந்த முப்பது ஆய்வேடுகளையும் நான் படிக்காமலே ஓரளவு சொல்லிவிட முடியும். ஒரு வட்டம் அல்லது ஒரு சிற்றாற்றுப் படுகை, ஐம்பது மாதிரிகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அளவீடுகள், நீரை அயனிகளை வைத்து வகைப்படுத்தும், 1944இல் வந்த பைப்பர் வரைபடம், நீரின் வேதியியலுக்குக் காரணம் மழையா, பாறையா, ஆவியாதலா என்று காட்டும், 1970இல் வந்த கிப்ஸ் வரைபடம், பாசனத் தகுதியைச் சொல்லும் சோடியம் உறிஞ்சு விகிதம், நீர்த் தரக் குறியீடு, பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பில் ஒரு வரைபடம், கடைசியில், இத்தனை சதவீத மாதிரிகள் குடிக்கத் தகுந்தவை என்ற முடிவு. இவற்றில் எதுவும் தவறான வேலை இல்லை. மாணவர் வெயிலில் அலைந்திருப்பார், ஆய்வகத்தில் இரவு வரை நின்றிருப்பார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. எண்கள் எப்படி வந்திருந்தாலும் அந்த ஆய்வேடு அப்படியே எழுதப்பட்டிருக்கும். நீர் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்றும் எழுதுவார்கள். எந்த எண்ணாலும் எந்தக் கருத்தும் தோற்றிருக்காது, ஏனென்றால் தோற்கக்கூடிய கருத்து எதுவும் முதலிலேயே வைக்கப்படவில்லை. வாய்மொழித் தேர்வில் நான் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "இந்த முடிவு வேறு எப்படி வந்திருந்தால் உங்களுக்கு வியப்பாக இருந்திருக்கும்?" என்பதுதான். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் கையில் ஆய்வு இருக்கிறது. மற்றவர்களிடம் அளவீட்டுப் பட்டியல் இருக்கிறது.

அந்த வார்ப்பில் இரண்டு இடங்களை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். ஒன்று, கிப்ஸ் வரைபடம். அது உலகின் ஆறுகள், ஏரிகள் போன்ற மேற்பரப்பு நீரை வைத்து உருவானது. பல ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த நீரை அதில் குறித்துவிட்டு, "பாறை–நீர் வினையே காரணம்" என்று ஒரு வரியில் முடிப்பது, நிலத்தடி நீர் நிலத்தடியில் இருந்தது என்று சொல்வதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை. மற்றொன்று, அந்த வண்ண வரைபடம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறை. உங்கள் வட்டமும் அதில்தான் வருகிறது. கடினப் பாறையில் நீர், மணற்படுகையில் இருப்பதுபோலப் பரவி நிற்பதில்லை, விரிசல்களில் நிற்கிறது. ஒரே தோப்பில் அடுத்தடுத்துப் போட்ட இரண்டு போர்களில் (ஆழ்துளைக் கிணறுகளில்) ஒன்று பொங்குவதும் மற்றொன்று புழுதியாகப் போவதும் உங்கள் ஊரில் எல்லாரும் கண்டதுதான். அப்படிப்பட்ட நிலத்தில் நான்கு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கிணறுகளின் எண்களுக்கு நடுவில் மென்பொருள் வண்ணம் பூசினால், நடுவில் இருக்கும் ஊரைப் பற்றி அந்த வண்ணத்துக்கு எதுவும் தெரியாது. புள்ளிகளைப் புள்ளிகளாகவே வரைந்து காட்டுங்கள். அதுவே நேர்மையான வரைபடம்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் நெறியாளர் காட்டிய இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். இடம் அருமையான இடம். தலைப்புக்குள் ஒரு கேள்வியைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடுச் சிக்கல் வெகுகாலமாக அறியப்பட்டது. ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். அங்குள்ள நைஸ், சார்னோக்கைட் பாறைகளில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. ஒகேனக்கல் பக்கத்தில் கார்பனடைட் (கார்பனேட் மிகுந்த தீப்பாறை) பாறைகளும் இருக்கின்றன. நீர் காரத்தன்மை பெறும்போது, கனிமத்தில் ஃபுளோரைடு இருந்த இடத்தில் ஹைட்ராக்சைடு போய் உட்கார்ந்து ஃபுளோரைடை வெளியே தள்ளுகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐஎஸ் 10500, 2012) குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை அனுமதி. இதற்கெல்லாம் இன்னொரு ஆய்வேடு தேவையில்லை.

இன்னொன்றும் உறுதி, மாணவர்கள் போதிய அளவு பயன்படுத்தாதது அது. நீரில் எவ்வளவு ஃபுளோரைடு தங்க முடியும் என்பதைக் கால்சியம் தீர்மானிக்கிறது. இரண்டும் சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும் என்பதால், கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது. கரைதிறன் பெருக்கத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: லிட்டருக்கு 40 மி.கி. கால்சியம் இருக்கும் நீரில் ஃபுளோரைடின் உச்சவரம்பு ஏறத்தாழ 3 மி.கி.; கால்சியம் 10 மி.கி.யாகக் குறைந்தால் அந்த வரம்பு ஏறத்தாழ 6 மி.கி.க்குப் போகிறது. அயனிச் செறிவால் வரும் திருத்தத்தைச் சேர்த்தால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. ஆகவே கால்சியத்தை நீரில் இருந்து அகற்றுகிற எதுவும் ஃபுளோரைடுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. களிமண் கனிமங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவது ஒரு வழி. மண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தென்படும் சுண்ணாம்பு முடிச்சுகளாகக் கால்சியம் படிந்துபோவது இன்னொரு வழி.

இனி உறுதியில்லாத பகுதிக்கு வருகிறேன். உங்களுக்கான இடம் இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் போர்க் குழாயடியில் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா, "அந்தத் தண்ணி மாட்டுக்குங்க சார், குடிக்கறதுக்கு நாங்க கெணத்துத் தண்ணிதான் எடுப்போம், பருப்பு அதுலதான் வேகும்" என்றார். கிணறு நாற்பது அடி தள்ளி இருந்தது. பருப்பு வேகாத நீர் என்றால் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதிகம் என்றுதான் பாடத்தில் படித்திருந்தேன். அந்த அம்மா சொன்ன போர்த் தண்ணீரிலோ கால்சியம் குறைவாக இருந்தது. பைகார்பனேட்டும் சோடியமும்தான் கூடுதல். ஃபுளோரைடு, கிணற்றில் இருந்ததைப்போல இரு மடங்குக்கும் மேல். இரண்டும் ஒரே பாறையில், ஒரே தோட்டத்தில் இருப்பவை. பருப்பு ஏன் வேகவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை நிறைவான விடை இல்லை. ஆனால் ஃபுளோரைடைப் பற்றி வட்டம் முழுக்கச் சுற்றி எடுத்த மாதிரிகள் சொல்லாத ஒன்றை அந்த நாற்பது அடி சொல்லிவிட்டது. வேறுபாட்டுக்குக் காரணத்தை ஊருக்கும் ஊருக்கும் இடையில் தேடிக்கொண்டிருந்தேன். அது மேலுக்கும் கீழுக்கும் இடையில் இருந்தது.

அதனால் நான் உங்களுக்குச் சொல்லும் கேள்வி இது: அருகருகே இருக்கும் திறந்த கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஃபுளோரைடு ஏன் வேறுபடுகிறது? ஐம்பது தனிக் கிணறுகளுக்குப் பதிலாக இருபது ஜோடிகள். ஜோடியாக எடுக்கும்போது பாறை, மழை, பயிர், உரம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், மிச்சம் இருக்கும் வேறுபாட்டை நம்பிப் பேசலாம். இதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு. ஒவ்வொன்றும் நீரில் ஒவ்வொரு விதமான தடம் விடும். ஆழத்தில் நீர் நெடுநாள் பாறையோடு கிடந்ததுதான் காரணம் என்றால், போர் நீரில் சோடியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் கூடியிருக்க வேண்டும், பிஎச் உயர்ந்திருக்க வேண்டும், ஃபுளோரைடு ஏறும்போது கால்சியம் இறங்க வேண்டும். மாறாக, பாசன நீர் ஆவியாகி ஆவியாகி உப்பேறியதுதான் காரணம் என்றால், ஃபுளோரைடோடு குளோரைடும் ஏறத்தாழ அதே விகிதத்தில் ஏறும். அதுவும் மேல் கிணற்றில்தான் முதலில் தெரியும். பாஸ்பேட் உரத்தில் ஃபுளோரின் இருப்பது உண்மை. அது காரணம் என்றால் நைட்ரேட்டும் கூடவே உயர்ந்து, வயல் நடுவில் இருக்கும் கிணறுகள் மேட்டுக்காட்டுக் கிணறுகளில் இருந்து பிரிந்து நிற்க வேண்டும். மண் ஃபுளோரைடை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த மூன்றாவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் என் நம்பிக்கை ஒரு சான்று ஆகாது. உங்கள் இருபது ஜோடிகள் என்னைத் தவறு என்று காட்டினால் எனக்கு மகிழ்ச்சிதான்.

இந்த மூன்று விளக்கங்களையும், ஒவ்வொன்றும் உண்மையானால் எந்த எண் எந்தப் பக்கம் போகும் என்பதையும், முதல் பாட்டிலைத் தூக்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எண்கள் வந்த பிறகு எல்லா விளக்கமும் பொருத்தமாகத்தான் தெரியும்.

இதில் உள்ள குழிகளையும் சொல்லிவிடுகிறேன். போரின் மொத்த ஆழத்தை, நீர் வரும் ஆழம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் மேலே உள்ள சிதைவுற்ற பகுதி வரை கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே துளை திறந்தே இருக்கும். இரண்டு மூன்று விரிசல்களில் இருந்து வரும் நீர் அதற்குள் கலந்து நிற்கும். அதனால் சொந்தக்காரரிடம் "போர் எத்தனை அடி?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, கேசிங் எத்தனை அடி இறக்கினீர்கள், மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது?" என்றும் கேட்க வேண்டும். பல விவசாயிகள் இதைப் பிள்ளையின் பிறந்த தேதியைப்போல நினைவில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் ஒவ்வோர் அடிக்கும் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். இரண்டாவது குழி உங்கள் வட்டத்துக்கே உரியது. தெருக்குழாயிலும் ஊர்த் தொட்டியிலும் வருவது ஒகேனக்கல் காவிரி நீராக இருக்கலாம், அல்லது காவிரியும் உள்ளூர் போரும் கலந்ததாக இருக்கலாம். அதில் மாதிரி எடுத்து "இந்த ஊரின் நிலத்தடி நீர் பாதுகாப்பானது" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மோட்டார் குழாயிலேயே, தொட்டிக்குப் போகும் முன், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் நிலைப்படும் வரை ஓடவிட்டு எடுங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்கு முன், மழைக்குப் பின் என இரு பருவ மாதிரிகள் வேண்டும் என்று எல்லாத் துறைகளிலும் சொல்வார்கள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிக்கும் ஆய்வேட்டில் உண்மையான கோடை மாதிரி கிடைப்பது கடினம். மத்திய நிலத்தடி நீர் வாரியமே தன் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்றுதான் பார்க்கிறது. மே மாத மாதிரியைப் பகுப்பாய்வு செய்து எழுத உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் டிசம்பர் விடுமுறையிலேயே ஒரு சுற்று எடுத்துவிடுங்கள். மழையின் நீர் கிணற்றில் நிற்கும் காலம் அது. இரண்டாம் சுற்றை ஏப்ரல் முதல் வாரத்தில், எல்லா ஜோடிகளிலும் எடுக்க முடியாவிட்டால் எட்டு ஜோடிகளிலாவது எடுங்கள். முழுமையான ஒரு சுற்றும் நேர்மையான அரைச் சுற்றும், அவசரமான இரண்டு சுற்றுகளைவிட மேல்.

களத்தில் செய்ய வேண்டியதில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றும் கிணற்றடியிலேயே. காரத்தன்மைக்கான டைட்ரேஷன் அன்று மாலைக்குள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நேர் அயனிகளுக்கான (கால்சியம், சோடியம் போன்றவை) பாட்டிலில் மட்டும் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவருவது. எதிர் அயனிகளுக்கான பாட்டிலில் அமிலம் கூடாது. பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி, ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு வெற்று மாதிரி. ஃபுளோரைடை அயனித் தேர்வு மின்முனையில் அளப்பதானால், அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்கும் தாங்கல் கரைசலைச் சேர்த்த பிறகே அளக்க வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் ஆய்வில் நாற்பது மாதிரிகளை எடுத்து, ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு, நான்கு நாள் கழித்து ஆய்வகத்தில் திறந்தேன். பாட்டில்களின் அடியில் நகத்தால் சுரண்டினால் வரும்படி வெள்ளையாக ஒரு படிவு. கால்சியம் கார்பனேட் படிந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் ஒன்றாகக் குறைந்திருந்தன. ஒன்றாகவே குறைவதால் நேர்–எதிர் அயனிக் கணக்கு பெரிதாகத் தவறவில்லை. அந்தப் படிவைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நாற்பதையும் மறுபடி எடுத்தேன். அயனிச் சமநிலைப் பிழை, அதாவது நேர், எதிர் அயனிகளின் கூட்டுத்தொகைகளுக்கு இடையிலான வேறுபாடு, 5 சதவீதத்துக்குள் வருவது கட்டாயம்தான். அது வந்துவிட்டதாலேயே எண்கள் சரி என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். உங்கள் கேள்வியே கால்சியத்தில் நிற்கிறது. கால்சியத்தைத் தொலைத்துவிட்டால் ஆய்வு முழுவதும் போய்விடும்.

நீங்கள் அஞ்சும் அந்த முப்பது ஆய்வேடுகளுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அவை புதையல். அவற்றில் உங்கள் வட்டத்தில் செய்யப்பட்டது ஒன்றாவது இருக்கும் என்று எண்ணுகிறேன். அதன் பின்னிணைப்பைப் பாருங்கள்: கிணறுகளின் இடம், தேதி, அளவீடுகள். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் நின்ற அதே கிணற்றடியில் நீங்கள் போய் நின்று மறுபடி அளந்தால், அது எந்த ஆராய்ச்சி நிறுவனமும் எளிதில் செய்ய முடியாத வேலை. ஒகேனக்கல் நீர் வந்த பிறகு குடிநீருக்கான உள்ளூர் போர்கள் குறைவாக இறைக்கப்படுகின்றனவா, பாசனத்துக்கான இறைப்பு அதே வேகத்தில் ஆழம் போகிறதா, அதனால் ஃபுளோரைடு மாறியிருக்கிறதா என்று கேட்க அந்தப் பழைய எண்கள் உங்களை அனுமதிக்கும். அவை எந்த முறையில் அளக்கப்பட்டன, அயனிச் சமநிலை எப்படி இருந்தது என்று பார்த்துத் தேறியவற்றை மட்டும் எடுங்கள். சென்னை தரமணியில் இயங்கும் மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையத்திலும் பழைய அளவீடுகள் உண்டு. துறைத் தலைவரின் கடிதத்தோடு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பாறை வரைபடத்தை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவில் இலவசமாகப் பெறலாம்.

மற்ற இரண்டு தலைப்புகளைச் சுருக்கமாகவே தொடுகிறேன். மைக்ரோபிளாஸ்டிக் முக்கியமான பொருள். ஐந்து மாதத்தில், உங்கள் துறையில் இருக்கும் வசதியில், அதை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆய்வகக் காற்றிலும் நாம் போட்டிருக்கும் பாலியெஸ்டர் சட்டையிலும் இருந்து விழும் இழைகளே மாதிரியில் எண்ணப்பட்டுவிடும். வெற்று மாதிரிகள் இல்லாத எண்ணிக்கையை நம்ப முடியாது. நுண்ணோக்கியில் பார்த்து மட்டும் இது பிளாஸ்டிக் என்று சொல்வது போதாது, அகச்சிவப்பு நிறமாலைமானி வேண்டும். சாதாரண உப்புக் கரைசலில் பிரித்தால் பெட், பிவிசி போன்ற கனமான வகைகள் மிதக்காமல் தங்கிவிடும். இந்த மூன்றுக்கும் வழி இருந்தால் யோசிக்கலாம். நீலகிரியைப் பொறுத்தவரை, 2009 நவம்பர் மழையில் நடந்த சரிவுகள் உட்படப் பதிவுகள் இருப்பதால் வேலை செய்ய இடம் உண்டு. ஆனால் பதிவான சரிவுகளில் பெரும்பகுதி சாலையோரம் நடந்தவை. இயந்திரக் கற்றலின் கணினி மாடல், சாலை எங்கே இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு சரிவைக் கற்றதாகக் காட்டும். அருகருகே இருக்கும் புள்ளிகளைக் குலுக்கிப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் துல்லியம் பொய்யாக உயரும். உங்கள் தோழர்களிடம், ஒரு பள்ளத்தாக்கில் பயிற்சி கொடுத்து வேறொரு பள்ளத்தாக்கில் சோதிக்கச் சொல்லுங்கள். அப்போது வரும் எண் குறைவாக இருக்கும். ஆனால் அது பேசக்கூடிய எண்.

ஃபுளோரைடு உங்களை ஈர்க்கவில்லை என்றால், இதே முறையில் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி சேலத்தில் இருக்கிறது. அங்குள்ள மக்னசைட் குன்றுகளின் அல்ட்ராமாஃபிக் (மக்னீசியமும் இரும்பும் மிகுந்த) பாறைகளிலேயே குரோமியம் இயற்கையாக உண்டு. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம் உள்ளிட்ட தோல் ஆலைக் கழிவுகளால் வந்த மாசைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. நீரில் குரோமியம் தெரிந்தவுடன் ஆலையைக் கைகாட்டுவது எளிது. பாறை தருவது எவ்வளவு, மனிதர் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதுதான் நிலவியல் படித்தவர் செய்ய வேண்டியது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைத் தனியாக, தாமதமின்றி அளக்க வேண்டியிருப்பதால் இது ஃபுளோரைடைவிடக் கடினமான வேலை.

வேலை, முனைவர் பட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட், நெட், யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு ஆகியவற்றின் எழுத்துத் தாள்களில் உங்கள் ஆய்வேட்டின் தலைப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. அவை பாடத்திட்டத்தைத்தான் கேட்கின்றன. நேர்முகத்தில் மதிப்பு உண்டு. ஆனால் அங்கே தலைப்பைவிட, என்ன கண்டீர்கள், எப்படி நம்புகிறீர்கள், எது பொருந்தவில்லை என்பதைத்தான் துருவுவார்கள் என்பது நான் கண்டது. தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு எழுதும்போது, இருபது ஜோடிக் கிணறுகளின் நம்பகமான தரவு உங்கள் கையில் இருப்பது பெரிய பலம். அதன் மேல் ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் ஐசோடோப்புகளைச் சேர்த்து நீரின் மூலத்தையும் ஆவியாதலையும் தேட விரும்புகிறேன் என்று சொல்ல முடியும். ஐந்து ஆண்டுகளில் எந்தத் துறை சூடாக இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்பவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அதை வைத்துத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் உள்ளூர்ப் பெண். உங்களை நம்பித்தான் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கிணற்றின் எண்களைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள், ஆய்வேட்டில் அவர்கள் பெயரை எழுதாதீர்கள். ஃபுளோரைடு 1.5 மி.கி.க்கு மேல் இருக்கும் வீட்டில் பல் முளைக்கும் வயதுக் குழந்தை இருந்தால், பருவம் முடியும் வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடுமா என்று கட்டாயம் கேட்பார்கள். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது, நீர் வற்றுவதால் இன்னும் செறிவுதான் ஆகும் என்று விளக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய் நீரைப் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் அளவீட்டைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வழிகாட்டுங்கள். இதற்கெல்லாம் முன்னதாக, வரும் சனி ஞாயிறில் துறையின் மின்கடத்துதிறன் மானியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், கிணறும் போரும் அருகருகே இருக்கும் பத்துத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். மேலும் கீழும் எண்கள் எப்படி இருந்தன, எத்தனை அடியில் நீர் கண்டது என்று எழுதினால், எந்த இருபதை எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.